வெண்தலைக் கழுகை அதன் வாழிடத்தில் காண்பதும் படமெடுப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் தமிழர்களும், பிள்ளைகளைப் பார்க்க அங்கே சென்று சில மாதங்கள் தங்கும் பெற்றோரும், குளிர்காலம் நெருங்கும்போது வெண்தலைக் கழுகை (பால்ட் ஈகிள்) பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே உள்ளன. கேள்விகளில் பெரும்பாலானவை கேமராவைப் பற்றியவை. ஆனால் மீன் எங்கே கிடைக்கிறது, தண்ணீர் எங்கே உறையாமல் இருக்கிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறது என்ற மூன்றையும் அறிந்தவருக்குச் சாதாரண லென்ஸும் போதும். இவற்றை அறியாதவருக்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் பெரிதாக உதவாது. ஆகவே பதில்கள் பறவையிலிருந்து தொடங்கிக் கேமராவுக்கு வருகின்றன.

வெண்தலைக் கழுகும் நம் ஊர்க் கருடனும் ஒன்றா?

இல்லை. கோயில் குடமுழுக்கின்போது நாம் அண்ணாந்து தேடும் கருடன், அதாவது செம்பருந்து, வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்டது என்பதால் படத்தில் பார்ப்பவர்களுக்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. செம்பருந்தின் சிறகு விரிப்பு ஏறத்தாழ 1.2 மீட்டர்தான். வெண்தலைக் கழுகின் சிறகுகள் 1.8 முதல் 2.3 மீட்டர் வரை விரியும். எடை 3 முதல் 6 கிலோ வரை இருக்கும். பெண் பறவை ஆணைவிடப் பெரியது. அலாஸ்காவில் வாழ்பவை ஃபுளோரிடாவில் வாழ்பவற்றைவிடப் பெரியவை.

இது கடற்கழுகுகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தியக் கடற்கரைகளிலும் இலங்கையின் களப்புகளிலும் காணப்படும் வெண்வயிற்றுக் கடற்கழுகு இதற்கு நெருங்கிய உறவு. அதை மீன்பிடித் துறைகளில் கவனித்துப் பழகியவர்களுக்கு வெண்தலைக் கழுகின் நடத்தை விரைவில் பிடிபட்டுவிடும். உயரமான மரத்தில் நீண்ட நேரம் அசையாமல் இருப்பதும், நீரின் மேற்பரப்பிலேயே மீனைக் கவ்விச் செல்வதும், வாய்ப்புக் கிடைத்தால் பிற பறவைகளின் இரையைப் பறிப்பதும் இரண்டுக்கும் பொதுவானவை.

தலை வெள்ளையாக இல்லாத பெரிய பழுப்புக் கழுகைப் பார்த்தேன். அது வேறு இனமா?

பெரும்பாலும் அது இளம் வெண்தலைக் கழுகாகவே இருக்கும். தலையும் வாலும் தூய வெள்ளையாவதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. முதலாண்டுப் பறவை முழுக்க அடர்பழுப்பு. அலகும் கண்ணும்கூடக் கருமையாகத்தான் இருக்கும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் வயிற்றிலும் முதுகிலும் வெள்ளைத் திட்டுகள் ஒழுங்கின்றிப் பரவுகின்றன. நான்காம் ஆண்டில் தலை அழுக்கு வெள்ளையாகி, கண்ணை ஒட்டி ஒரு கரிய பட்டை எஞ்சியிருக்கும். அந்த வயதில் அதை விராலடிப்பான் (ஆஸ்ப்ரே என்னும் மீனுண்ணிப் பறவை) என்று தவறாகக் குறித்துக்கொள்பவர்கள் உண்டு. அலகு மஞ்சளாவதும் கண் வெளிர்வதும் இதே காலத்தில் சிறிது சிறிதாக நிகழ்கின்றன.

உண்மையில் குழப்பம் தரக்கூடியது பொன்னிறக் கழுகு. அதன் கால்கள் விரல்கள் தொடங்கும் இடம்வரை இறகால் மூடப்பட்டிருக்கும். வெண்தலைக் கழுகின் கீழ்க்கால் இறகின்றி மஞ்சளாகத் தெரியும். வானில் மிதக்கும்போது பொன்னிறக் கழுகு சிறகுகளைச் சற்றே மேல்நோக்கி உயர்த்திப் பிடிக்கும். வெண்தலைக் கழுகோ ஒரு பலகையை நீட்டி வைத்ததுபோல் தட்டையாக வைத்துக்கொள்ளும். தொலைவில் பறக்கும் பறவைக்கு இந்த இரண்டாவது அடையாளமே அதிகம் பயன்படும்.

இளம் பறவைகளைப் படமெடுக்காமல் விட்டுவிடுவது பெரிய இழப்பு என்பது என் கருத்து. மீனுக்காகச் சண்டையிடுவதிலும் ஒன்றையொன்று துரத்துவதிலும் அவையே முன்னணியில் நிற்கின்றன. சிறகின் திட்டுகளைக் கொண்டு வயதைக் கணிக்கப் பழகினால் கூட்டத்தின் நடத்தையும் புரியத் தொடங்கும்.

எந்தப் பருவம் சிறந்தது?

அமெரிக்காவின் வடக்கு, நடுப் பகுதிகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. காரணம் எளிது: வடக்கே ஏரிகளும் ஆறுகளும் உறையும்போது, மீனை நம்பியிருக்கும் கழுகுகள் திறந்த நீரைத் தேடித் தெற்கே நகர்கின்றன. அணைக்கட்டுகளுக்குக் கீழே பாயும் நீர், ஆறுகள் கூடும் இடங்கள், ஊற்று நீர் கலக்கும் இடங்கள் ஆகியவை கடுங்குளிரிலும் உறைவதில்லை என்பதால், பல நூறு கிலோமீட்டர் பரப்பில் சிதறியிருந்த பறவைகள் அந்தச் சில இடங்களில் திரள்கின்றன. எனவே மிசிசிப்பி ஆற்றங்கரைக்குச் செல்பவர்கள் இதமான வாரத்தைவிடக் குளிர் கடுமையாக இறங்கிய வாரத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இலேசான குளிர்காலத்தில் நீர் எங்கும் திறந்து கிடக்கும். பறவைகளும் எங்கும் பரவிக் கிடக்கும்.

கூடு கட்டும் பருவம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஃபுளோரிடாவில் அக்டோபரிலேயே கூட்டு வேலை தொடங்கிவிடும். அலாஸ்காவில் முட்டையிடுவதே வசந்தத்தின் பிற்பகுதியில்தான். முட்டைகள் ஒன்று முதல் மூன்று; அடைகாப்பு ஏறத்தாழ 35 நாட்கள்; குஞ்சுகள் பறக்க மேலும் 10 முதல் 12 வாரங்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் கூட்டைவிடக் குளிர்காலத் திரளையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் பரிந்துரைக்கிறேன். அங்கே பறவைகள் அதிகம், நடத்தை பலவகை, நம்மால் ஏற்படும் தீங்கும் குறைவு.

எந்த இடங்களுக்குச் செல்லலாம்?

கிழக்குக் கரையில் வாழ்பவர்களுக்கு முதலிடம் மேரிலாந்து மாநிலத்தில் சஸ்குவெஹானா ஆற்றின் மீதுள்ள கனோவிங்கோ அணை. மின் உற்பத்திக்காக டர்பைன்கள் இயங்கத் தொடங்கும்போது, நீரோடு அடித்துவரப்படும் மீன்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. அணைக்குக் கீழேயுள்ள பாறைகளிலும் மின்கம்பக் கோபுரங்களிலும் காத்திருக்கும் கழுகுகள் அடுத்தடுத்து இறங்குகின்றன. நீர் திறப்பதற்கு முன் சைரன் ஒலிக்கும். அந்த ஒலி கரையில் மீன்பிடிப்பவர்களை எச்சரிப்பதற்காக வைக்கப்பட்டது. ஆனால் அதைக் கேட்டதும் படமெடுப்பவர்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேமராவைத் தூக்குவதை அங்கே காணலாம். நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் வரை கூட்டம் உச்சத்தில் இருக்கும், பறவைக் கூட்டமும் மனிதக் கூட்டமும். வார நாளில் செல்வதே நலம். ஒரே ஓர் இடத்துக்குத்தான் போக முடியும் என்பவருக்கு நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

அலாஸ்காவின் ஹெய்ன்ஸ் நகருக்கு அருகே 1982-இல் ஏறத்தாழ 48,000 ஏக்கர் பரப்பில் உருவாக்கப்பட்ட சில்கட் கழுகுக் காப்பகம், உலகில் வெண்தலைக் கழுகுகள் மிகப் பெரிய எண்ணிக்கையில் கூடும் இடங்களில் ஒன்று. நிலத்தடியிலிருந்து மேலெழும் ஒப்பளவில் வெதுவெதுப்பான நீரால் சில்கட் ஆற்றின் ஒரு பகுதி குளிர்காலத்திலும் உறைவதில்லை. பிற ஆறுகளில் சால்மன் வரத்து முடிந்த பிறகும் இங்கே சம் சால்மன்கள் முட்டையிட வந்து மடிகின்றன. நல்ல ஆண்டுகளில் 3,000-க்கும் மேற்பட்ட கழுகுகள் கூடியதுண்டு. நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டியே செல்வதால் சாலையோர நிறுத்தங்களிலிருந்து பார்க்கலாம். ஆற்று மணல்திட்டுகளில் இறங்கக் கூடாது. நவம்பரில் அங்கே பகல் மிகக் குறுகியது, மழையும் பனியும் மாறிமாறிப் பெய்யும். போகும் செலவை எண்ணிப் பார்த்தால், வேறோர் இடத்தில் கைபழகிய பின் செல்வதே உகந்தது.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்காஜிட் ஆற்றிலும், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்குவாமிஷ் அருகேயுள்ள பிராக்கெண்டேலிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் சால்மனை நாடிக் கழுகுகள் வருகின்றன. பிராக்கெண்டேலில் 1994-இல் நடந்த கணக்கெடுப்பில் 3,769 பறவைகள் எண்ணப்பட்டன. மிசிசிப்பி ஆற்றின் அணைப்பூட்டுகள் (படகுகள் கடந்து செல்ல வழியுள்ள அணைகள்) நெடுகிலும் குளிர்காலத்தில் கழுகுகள் உண்டு. ஐயோவாவில் லெக்ளேர் அருகேயுள்ள 14-ஆம் எண் அணைப்பூட்டு படமெடுப்பவர்களிடையே பெயர்பெற்றது. மினசோட்டாவின் வாபஷா நகரில் தேசியக் கழுகு மையம் ஆற்றங்கரையிலேயே அமைந்துள்ளது. முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துச் செல்பவர்கள் கதகதப்பான அறைக்குள்ளிருந்தே ஆற்றைப் பார்க்கலாம்.

கோடையில் மட்டுமே விடுமுறை கிடைப்பவர்களுக்கும் ஓர் இடம் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் ஹூட் கால்வாயில், சீபெக் அருகே பிக் பீஃப் ஓடை கடலில் கலக்கும் முகத்துவாரத்தில், மே இறுதி முதல் ஜூலைத் தொடக்கம் வரை கடல் நன்கு வற்றும் பகல்களில், பாறைகளுக்கடியில் முட்டையிட வந்த மிட்ஷிப்மேன் என்னும் மீன்கள் ஆழமற்ற நீரில் சிக்கிக்கொள்கின்றன. அவற்றை நாரைகள் பிடிக்க, நாரைகளிடமிருந்து கழுகுகள் பறிக்கும். கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்க்காமல் அங்கே செல்வது வீண்.

எவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும்?

அமெரிக்க மீன், வனவிலங்குப் பணித்துறையின் வழிகாட்டுதல், கூடு கட்டும் பருவத்தில் நடந்து செல்பவர்கள் கூட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி இருந்தால் குறைந்தது 330 அடி, அதாவது சுமார் 100 மீட்டர் விலகியிருக்க வேண்டும் என்கிறது. மாநிலச் சட்டமோ அங்கே வைத்துள்ள அறிவிப்புப் பலகையோ இதைவிடக் கூடுதல் தூரம் கேட்டால் அதுவே பொருந்தும். என்னைப் பொறுத்தவரை கூட்டுக்கு 200 மீட்டருக்குள் செல்லத் தேவையே இல்லை. முட்டையிடுவதற்குச் சற்று முன்னும் அடைகாப்பின் தொடக்க வாரங்களிலும் தொந்தரவு செய்தால் இணை கூட்டையே கைவிடக்கூடும். குளிரில் தாய் சில நிமிடங்கள் எழுந்து சென்றாலே முட்டை ஆபத்துக்குள்ளாகும்.

கூட்டிலிருந்து விலகிய இடங்களில் எண்ணைவிடப் பறவையின் உடல்மொழியே அளவுகோல். நிம்மதியாக இருக்கும் கழுகு இறகுகளைத் தளர்வாக வைத்து, ஒற்றைக் காலில் நின்று, அலகால் சிறகைக் கோதிக்கொண்டிருக்கும். நீங்கள் நெருங்கியதும் கோதுவதை நிறுத்தி, இறகுகளை உடலோடு இறுக்கி, கழுத்தை நீட்டி உங்களையே உற்றுப் பார்த்தால், அது உங்களைக் கணக்கிடத் தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும். குரலெழுப்பினாலோ கிளையில் இடம் மாறினாலோ நேர்கோட்டில் அன்றிப் பக்கவாட்டில் மெல்லப் பின்வாங்க வேண்டும். குளிர்காலத்தில் கழுகு பகலின் பெரும்பகுதியை அசையாமல் கழிப்பது சோம்பலால் அன்று. உண்ட மீனின் ஆற்றலைச் சேமிப்பதற்காக. அதைக் கிளம்பச் செய்வதற்காகக் கைதட்டுவதும் கத்துவதும் அந்தச் சேமிப்பைப் பிடுங்குவதாகும். அது சட்டப்படியும் குற்றம். 1940-இல் இயற்றப்பட்ட கழுகுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தனிநபரின் முதல் குற்றத்துக்கே 1,00,000 டாலர் வரை அபராதமும் ஓராண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு.

காரிலிருந்தே படமெடுக்கலாமா?

எடுக்கலாம், பல இடங்களில் அதுவே சிறந்த மறைவிடம். நடந்துவரும் மனிதனைக் கண்டு பறக்கும் கழுகு, சாலையோரம் நின்ற காரைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, இறக்கிய கண்ணாடியின் விளிம்பில் பீன் பேக்கை (மணிகள் நிரப்பிய சிறு பை) வைத்து அதன்மேல் லென்ஸைத் தாங்கிக்கொள்ளுங்கள். வண்டியின் ஹீட்டரையும் முன்கூட்டியே அணைத்துவிட வேண்டும்: உள்ளிருக்கும் வெப்பக் காற்று திறந்த சன்னல் வழியே குளிர்க் காற்றில் கலக்கும்போது கானல்போல் அலைந்து படத்தின் கூர்மையைக் கெடுத்துவிடும். லென்ஸ் பழுதோ என்று பலர் சந்தேகப்படும் படங்களில் இதுவே காரணமாக இருக்கிறது.

எந்த லென்ஸ் வாங்க வேண்டும்?

500 அல்லது 600 மி.மீ. வரை எட்டும் ஜூம் லென்ஸ் இந்தப் பறவைக்குப் போதுமானது. 150–600, 200–600 வகைகள் விலைக்கேற்ற பயன் தருபவை. 100–400 லென்ஸ் வைத்திருப்பவர்கள் அணைக்கட்டுப் பகுதிகளில் நன்றாகவே சமாளிக்கலாம். வாங்கும் முன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கனமான லென்ஸைப் பறக்கும் பறவையைத் தொடர்ந்து திருப்புவதற்குக் கைவலிமையும் பழக்கமும் வேண்டும்.

கேமராவுக்கு முன் இருநோக்கி (பைனாகுலர்) ஒன்றை வாங்கச் சொல்வேன். 8×42 அளவு எல்லாவற்றுக்கும் ஏற்றது. வெறுமனே பார்த்துக் கழிக்கும் முதல் அரைமணி நேரத்தில்தான் எந்தப் பறவை எந்தக் கிளைக்குத் திரும்பத் திரும்ப வருகிறது என்பது தெரியவரும்.

கேமரா அமைப்புகளை எப்படி வைப்பது? தலை மட்டும் வெள்ளைத் தாளாக வெளிறிப் போகிறதே?

இதுவே அதிகம் கேட்கப்படும் கேள்வி. சற்று விரிவாகச் சொல்கிறேன். பறக்கும் கழுகுக்கு ஷட்டர் வேகம் 1/2000 வினாடிக்குக் குறையாமல் இருக்கட்டும்; நீரில் மீனைக் கவ்வும் தருணத்துக்கு 1/3200. துளை அளவு எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை. ஆட்டோஃபோகஸைத் தொடர்நிலையில் வையுங்கள். பறவையின் கண்ணை அடையாளம் காணும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். ரா கோப்பாகவே, அதாவது கேமரா சுருக்காத மூலப் பதிவாகவே, பதிவு செய்யுங்கள்.

வெளிறிப் போவதற்குக் காரணம் கேமராவின் ஒளி அளவீடு பின்னணியால் ஏமாறுவதுதான். கழுகுக்குப் பின்னால் கரும்பச்சை ஊசியிலைக் காடு இருந்தால், காட்சி இருண்டது என்று கேமரா முடிவு செய்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது. சிறகு அழகாகத் தெரியும், தலையின் இறகு நுணுக்கம் முழுவதும் எரிந்துவிடும். அதே கழுகு மூன்று வினாடிகளில் மேலெழுந்து வெண்மேக வானத்துக்கு முன் வந்தால், காட்சி மிக வெளிச்சமானது என்று முடிவு செய்து வெளிச்சத்தைக் குறைக்கிறது. பறவை கரிய நிழலுருவாகிவிடும். தானியங்கி முறையில் படமெடுப்பவர்கள் காட்டுப் பின்னணிக்கு எக்ஸ்போஷரை 2/3 முதல் 1 ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரட்டிப்பாவது அல்லது பாதியாவது) குறைக்கவும், வெண்மேக வானத்துக்கு 1 ஸ்டாப் அல்லது சற்றுக் கூடுதலாகக் கூட்டவும் வேண்டும். பறவையைத் தொடர்ந்துகொண்டே இப்படி மாற்றி மாற்றித் திருகுவது எளிதன்று.

ஆகவே நான் பரிந்துரைப்பது மேனுவல் முறை. கழுகின்மேல் விழும் வெளிச்சம் மாறாதவரை பின்னணி எதுவானாலும் அமைப்பு மாற வேண்டியதில்லை. வெயிலில் அமர்ந்திருக்கும் முதிர்ந்த பறவை ஒன்றைப் பல அமைப்புகளில் எடுத்துப் பாருங்கள். தலையில் அளவு மீறிய வெளிச்சத்தைக் காட்டும் சிமிட்டல் எச்சரிக்கை தோன்றும் இடத்துக்கு வந்ததும், அதிலிருந்து 1/3 ஸ்டாப் குறைத்து அப்படியே நிறுத்திக்கொள்ளுங்கள். குளிர்காலத் தாழ்ந்த வெயிலில் அது ஏறத்தாழ 1/2500 வினாடி, எஃப் 6.3, ஐ.எஸ்.ஓ. 500 என்ற அளவில் அமையும். மேகம் வந்தால் மறுபடி சரிபார்க்க வேண்டும். உடல் சற்று இருண்டதாகத் தோன்றினால் கவலைப்படாதீர்கள். ரா கோப்பில் நிழற்பகுதியை மீட்டுவிடலாம், எரிந்துபோன வெள்ளையை மீட்க முடியாது.

நிலத்தில் பனி படர்ந்திருக்கும் நாள் ஒரு வரம். வெயில் பனியில் பட்டு மேல்நோக்கித் திரும்புவதால், வழக்கமாகக் கருத்துப் போகும் சிறகின் அடிப்புறம் ஒவ்வோர் இறகாகத் தெளிந்து நிற்கும்.

எப்போது பறக்கும் என்று முன்கூட்டியே அறிய முடியுமா?

பெரும்பாலும் முடியும். கிளம்பப் போகும் கழுகு முதலில் தலையை ஒரே திசையில் நிலைநிறுத்தும். பிறகு இறகுகளைச் சிலிர்த்து ஒருமுறை உதறிக்கொள்ளலாம். உடலை முன்னே சாய்த்து, வாலைச் சற்றே தூக்கி, எச்சமிடும். அடுத்த சில வினாடிகளில் கால்களை மடக்கி உந்திக் கிளம்பிவிடும். எச்சமிட்டதைப் பார்த்ததும் விரலை ஷட்டரில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிளையை வெறித்துக்கொண்டு ஒரு மணி நேரம் கேமராவைத் தூக்கிப் பிடிப்பதைவிட மிக மேல்.

எந்தத் திசையில் கிளம்பும் என்பதைக் காற்று சொல்லிவிடும். பெரிய சிறகுகள் கொண்ட பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், எதிர்த்தே இறங்கும். காற்று உங்கள் முதுகுப்புறமிருந்து கழுகை நோக்கி வீசினால், அது உங்கள் பக்கமாக முகம் காட்டிக் கிளம்பும். வெயிலும் உங்கள் முதுகுப்புறம் இருந்துவிட்டால் இரண்டும் ஒருங்கே கூடிவந்த அரிய நாள் அது. வெயில் உங்களுக்குப் பின்னாலும் காற்று எதிரேயும் இருந்தால், ஒளி அழகாக விழும், ஆனால் எல்லாப் படத்திலும் வால்தான் இருக்கும். குளிரலை கடந்தபின் வடமேற்குக் காற்று வீசும் நாட்களில் காலையைவிடப் பிற்பகல் பயன் தரும்; அப்போது சூரியன் தென்மேற்கில் தாழ்ந்திருப்பதால், அதற்கு முதுகு காட்டி நின்றால் கழுகுகள் உங்கள் பார்வைக்குக் குறுக்கே, பக்கவாட்டு ஒளியோடு பறந்து செல்லும். வானிலைச் செயலியில் நான் மழைக்கு முன்பாகக் காற்றின் திசையையே பார்க்கிறேன்.

மீன் பிடிக்கும் காட்சியை எடுப்பது எப்படி?

கழுகு விராலடிப்பானைப்போல் நீருக்குள் பாய்வதில்லை. தாழ்வாகச் சரிந்து வந்து, கடைசி நொடியில் கால்களை முன்னே வீசி, மேற்பரப்பிலிருந்து கவ்வும். எனவே அது கிளையை விட்டுக் கிளம்பி நீரை நோக்கிச் சரியத் தொடங்கிய கணத்திலிருந்தே ஃபோகஸைப் பிடித்துத் தொடர வேண்டும். நீரை எட்டியபின் தேடினால் கிடைக்காது. சிறகுகள் விரியும்போது சட்டகத்தில் வெட்டுப்படாதிருக்கச் சற்றே அகலமாக எடுத்துப் பின்னர் வெட்டிக்கொள்வது நல்லது.

கவ்விய பிறகு கேமராவை இறக்கிவிடாதீர்கள். பெரும்பாலான நாடகம் அதன் பின்னர்தான் நடக்கிறது. மீனோடு எழும்பும் பறவையை வேறு இரண்டு மூன்று பறவைகள் துரத்தும். வானிலேயே தலைகீழாகப் புரண்டு நகங்களை நீட்டும். மீன் நழுவி விழும், மற்றொன்று அதை எடுத்துக்கொள்ளும். மீன் தூக்க முடியாத அளவு கனமாக இருந்தால் கழுகு நீரிலேயே அமர்ந்து, சிறகுகளைத் துடுப்பாக வீசிக் கரைக்கு நீந்தி வருவதும் உண்டு. அது உதவி தேவைப்படும் நிலையன்று. கரையில் அது ஏறும் இடத்தை நோக்கி ஓடி அதை மீண்டும் நீருக்குத் துரத்திவிடக் கூடாது.

மீனைப் போட்டு வரவழைக்கலாமா?

கூடாது. அலாஸ்காவின் ஹோமர் நகரில் பல ஆண்டுகளாகக் குளிர்காலத்தில் மீன் போடப்பட்டதால் நூற்றுக்கணக்கான கழுகுகள் கூடின. உலகெங்கும் அச்சான நெருக்கமான படங்கள் பல அங்கே எடுக்கப்பட்டவை. 2006-இல் அந்நகர மன்றமே உணவளிப்பதைத் தடை செய்தது. ஓரிடத்தில் நெருக்கித் திரளும் பறவைகளிடையே நோய் பரவும். மனிதனையும் வாகனத்தையும் உணவோடு சேர்த்துப் பழகிய கழுகு சாலையில் அடிபடும். படத்தின் மதிப்பும் குறைகிறது. போட்ட மீனுக்கு இறங்கும் கழுகின் படம் அந்தக் கழுகின் வாழ்க்கையைக் காட்டுவதில்லை. அப்படி எடுத்த படத்தை வெளியிடுபவர், உணவிட்டு எடுத்தது என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

ட்ரோன் பயன்படுத்தலாமா?

வேண்டாம். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் ட்ரோன் பறக்கவிடத் தடை உள்ளது. மற்ற இடங்களிலும் கழுகைத் தொந்தரவு செய்வது குற்றமே. தன் எல்லைக்குள் பறக்கும் எதையும் கழுகு எதிரியாகக் கருதித் தாக்கலாம். சுழலும் விசிறி அதன் விரலையும் சிறகையும் வெட்டும்.

அதன் குரல் படங்களில் கேட்பதுபோல் கம்பீரமாக இல்லையே?

திரைப்படங்களில் ஒலிக்கும் அந்த நீண்ட கரகரத்த கூவல் பெரும்பாலும் செவ்வால் வல்லூறு என்னும் வேறொரு பறவையுடையது. வெண்தலைக் கழுகு மெல்லிய, உயர்ந்த, விட்டுவிட்டு ஒலிக்கும் கீச்சொலிகளையே எழுப்பும். அதைப் பழகிக்கொண்டால், கண்ணில் படாத பறவையையும் மரத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம்.

குளிரில் கருவிகளை எப்படிக் காப்பது?

உறைகுளிரில் பேட்டரி வேகமாக இறங்கும். உதிரிப் பேட்டரிகளைச் சட்டையின் உட்பையில், உடற்சூட்டில் வைத்திருங்கள். வீட்டுக்கோ காருக்கோ திரும்பும்போது வெளியிலேயே கேமராவைப் பையில் வைத்து ஜிப்பை மூடிவிட்டு, இரண்டு மணி நேரம் திறக்காமல் விட வேண்டும். இல்லையெனில் வெப்பக் காற்றின் ஈரம் லென்ஸின் உள்ளும் புறமும் படியும். நினைவக அட்டையை மட்டும் முன்பே கழற்றி எடுத்துக்கொண்டால், பையைத் திறக்கும் அவசரம் இராது.

இப்போது இவ்வளவு எளிதாகக் காண முடிகிறதே; அழியும் நிலையில் இருந்தது உண்மையா?

உண்மை. 1782 முதல் அமெரிக்க அரசு முத்திரையில் இடம்பெற்றிருந்தும் இந்தப் பறவை நெடுங்காலம் சுட்டுக் கொல்லப்பட்டது. சால்மனுக்குப் போட்டி என்று கருதி அலாஸ்காவில் 1917 முதல் 1953 வரை பரிசுத்தொகை கொடுத்துக் கொன்றதில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கழுகுகள் மடிந்தன. டி.டி.டி. பூச்சிக்கொல்லி நீரில் கலந்து மீன் வழியாகக் கழுகின் உடலில் சேர்ந்தபோது முட்டையின் ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையைத் தாங்காமல் உடைந்தது. 1963-இல் அலாஸ்கா, ஹவாய் நீங்கலான 48 மாநிலங்களில் கூடு கட்டிய இணைகள் 417 மட்டுமே. டி.டி.டி. 1972-இல் தடை செய்யப்பட்டது, கூடுகள் பாதுகாக்கப்பட்டன, 2007-இல் ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலிலிருந்து வெண்தலைக் கழுகு நீக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டுக் கூட்டுப் பருவத்தை வைத்து அரசு வெளியிட்ட மதிப்பீட்டின்படி அதே 48 மாநிலங்களில் 71,400 இணைகள், மொத்தம் 3,16,700 பறவைகள். 2024 டிசம்பரில்தான் இது சட்டப்படி தேசியப் பறவையாக்கப்பட்டது.

ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. 38 மாநிலங்களில் 1,210 கழுகுகளைச் சோதித்து 2022-இல் வெளியான ஆய்வு, வெண்தலைக் கழுகிலும் பொன்னிறக் கழுகிலும் ஏறத்தாழ பாதியளவு பறவைகளில் நாட்பட்ட ஈய நஞ்சேற்றம் இருப்பதைக் கண்டறிந்தது. வேட்டைக்காரர்கள் விட்டுச் செல்லும் மான் குடலில் சிதறிக் கிடக்கும் ஈயக் குண்டுத் துணுக்குகளை உண்பதே முதன்மைக் காரணம். ஈயம் கலவாத குண்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. வேட்டையாடும் நண்பர்கள் உங்களுக்கு இருந்தால், அவர்களிடம் இதைப் பேசுவது கழுகுக்குச் செய்யும் நேரடி உதவி.

கூட்டின் இடத்தைச் சமூக ஊடகத்தில் பகிரலாமா?

பகிர வேண்டாம். படத்தில் பதிவாகும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள். கனோவிங்கோ போன்ற எல்லோரும் அறிந்த இடங்களைக் குறிப்பிடுவதில் குற்றமில்லை. ஒரு பண்ணையின் ஓரத்தில் ஓர் இணை அமைதியாக வளர்க்கும் கூட்டின் இடம் பரவினால், அடுத்த சனிக்கிழமையே மரத்தடியில் இருபது பேர் நிற்பார்கள். பிறருடைய நிலத்தில் நுழைந்து படமெடுப்பதும் தவறு. உரிமையாளரிடம் அனுமதி கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு இசைவார்கள்.

அடிபட்ட கழுகைக் கண்டால்? கீழே கிடக்கும் இறகை எடுத்துக்கொள்ளலாமா?

அடிபட்ட கழுகைத் தொடாதீர்கள். அதன் நகங்கள் கையைக் கிழித்துவிடும். விலகி நின்று, இடத்தைக் குறித்துக்கொண்டு, மாநில வனவிலங்குத் துறைக்கோ உரிமம் பெற்ற வனவிலங்கு மறுவாழ்வு மையத்துக்கோ தொலைபேசியில் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை நாயும் குழந்தைகளும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறகை எடுக்கக் கூடாது. தானாக உதிர்ந்த ஒற்றை இறகை வைத்திருப்பதும் அமெரிக்கச் சட்டப்படி குற்றம். ஊருக்கு நினைவுப்பொருளாக எடுத்துவருவதும் அப்படியே. இறந்த கழுகுகளும் அவற்றின் இறகுகளும் கொலராடோவிலுள்ள தேசியக் கழுகுக் களஞ்சியத்துக்கு அனுப்பப்பட்டு, சமயச் சடங்குகளுக்காக அவற்றைக் கேட்டு விண்ணப்பிக்கும் அமெரிக்கப் பழங்குடியினருக்கு அங்கிருந்து வழங்கப்படுகின்றன. விண்ணப்பித்தவர்கள் பல மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள்கூடக் காத்திருக்கிறார்கள். இறகு கிடந்த இடத்திலேயே அதைப் படமெடுத்துக்கொள்ளத் தடையேதும் இல்லை.